‘எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல!’ - டூர் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரவு எட்டரை மணி. சாப்பாடு முடிந்து பாத்திரங்களை ஒதுக்கும் நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு எல்லாம் ஞாபகம் வரும்.

“அம்மா, இதுல கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நாளைக்குத்தான் கடைசி நாளாம்!”

டைரிக்குள் நான்காக மடித்துவைத்த ஒரு தாள். மேலே பள்ளியின் பெயர். அதற்குக் கீழே மூன்று நாள் டூரில் பார்க்கப்போகும் இடங்கள், கட்டணம், எடுத்துவர வேண்டிய பொருள்கள். எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில் இப்படி ஒரு வாசகம்.

‘என் மகன்/மகள் இந்தச் சுற்றுலாவில் கலந்துகொள்ள முழு மனதுடன் சம்மதிக்கிறேன். பயணத்தின்போது ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் அதற்குப் பள்ளி நிர்வாகமோ, ஆசிரியர்களோ பொறுப்பல்ல.’

அம்மாவுக்கு ‘திக்’கென்று இருக்கும். அப்பாவிடம் காட்டுவார். “எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான் எழுதி வாங்குவாங்க. போட்டுக் கொடு” என்பார் அவர். “எல்லாரும் கொடுத்துட்டாங்கம்மா, நான் மட்டும்தான் பாக்கி” என்று பிள்ளை கண்ணைக் கசக்கும். கையெழுத்து விழுந்துவிடும்.

டூருக்கு மட்டுமல்ல. நீச்சல் வகுப்பு, மலையேற்ற முகாம், ஸ்கேட்டிங், கராத்தே, கோடைக்கால சாகச முகாம், கல்லூரியின் ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’ என எல்லாவற்றுக்கும் இதே போன்ற ஒரு தாள் வீட்டுக்கு வருகிறது. கையெழுத்துப் போட்ட பெரும்பாலான பெற்றோர், ‘இனி என்ன நடந்தாலும் நாம் கேள்வி கேட்க முடியாது’ என்றே நினைத்துக்கொள்கிறார்கள். தாளை வாங்கி வைத்துக்கொண்ட சில நிர்வாகங்களும் அப்படித்தான் நினைக்கின்றன.

இரண்டு பேர் நினைப்பதும் தவறு. ‘பொறுப்பல்ல’ என்று எழுதி வாங்கிவிட்டால் மட்டும் பொறுப்பு போய்விடாது.

14 குழந்தைகள்... ஒரு பிக்னிக்!

1995-ம் ஆண்டு, மே 28. பஞ்சாப் மாநிலம் பதான்கோட் அருகே உள்ள ஒரு தனியார் பள்ளி, மாணவர்களை பியாஸ் நதிக்கரைக்கு பிக்னிக் அழைத்துச் சென்றது. ஆசிரியர்கள் உடன் இருந்தபோதே குழந்தைகள் ஆற்றில் இறங்கினார்கள். 14 பிள்ளைகள் வீடு திரும்பவில்லை.

பெற்றோர்கள் ஹிமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இறந்த ஒவ்வொரு குழந்தையின் பெற்றோருக்கும் 5 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை எதிர்த்துப் பள்ளித் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2001-ம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதே தொகையை உறுதிசெய்தது.

அந்தத் தீர்ப்பு சொன்ன அடிப்படை மிக எளிமையானது. பிக்னிக்கை நடத்தியது பள்ளி. அழைத்துப்போன ஆசிரியர்கள் பள்ளியின் ஊழியர்கள். பணியில் இருக்கும்போது அவர்கள் காட்டிய அலட்சியத்துக்கு, அவர்களை அனுப்பிய நிர்வாகமே பதில் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் பார்வையில், வகுப்பறைக்குள் மட்டும் ஆசிரியர் ஆசிரியராக இருப்பதில்லை. பெற்றோர் இல்லாத இடத்தில், அவர் பெற்றோரின் இடத்தில் இருக்கிறார். பஸ்ஸில், படகில், ஆற்றங்கரையில், ஹோட்டல் அறையில் என எங்கிருந்தாலும் இது பொருந்தும்.

பெரிய பிள்ளைகள் என்றால்?

‘அது சின்னக் குழந்தைகள் விஷயம். கல்லூரி மாணவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தானே?’ என்று கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது.

2014, ஜூன் 8. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள், ஹிமாச்சலின் மண்டி மாவட்டத்தில் அதே பியாஸ் நதிக்குள் இறங்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே உள்ள லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் திடீரென்று பெருக்கெடுத்து வந்தது. 24 மாணவ, மாணவிகளும் டூர் ஏற்பாட்டாளர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

இந்த வழக்கில் 2016-ல் ஹிமாச்சல் உயர் நீதிமன்றம், இறந்த ஒவ்வொரு மாணவரின் பெற்றோருக்கும் 20 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அதில் 60 சதவிகிதம் மாநில மின்வாரியம், 30 சதவிகிதம் கல்லூரி, 10 சதவிகிதம் மாநில அரசு என்று பங்கு பிரித்தது.

தண்ணீரைத் திறந்துவிட்டது கல்லூரி அல்ல. மாணவர்களும் 18 வயது கடந்தவர்கள். அப்படியும் கல்லூரிக்கு ஒரு பங்கு வந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. முன்பின் தெரியாத ஊருக்கு மாணவர்களைக் கூட்டிப்போகிறவர்கள், அந்த இடத்தின் ஆபத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய கடமையையும் சேர்த்தே சுமக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்படி எழுதி வாங்கும் படிவத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. ஆனால், ஏற்கெனவே இருக்கும் சட்டங்களே போதுமான அளவு பேசுகின்றன.

முதலில், குழந்தையின் கையெழுத்து. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 11-வது பிரிவின்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903-லேயே, அப்போதைய உச்ச அமைப்பான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. ஆக, பிளஸ் டூ மாணவரிடம் ‘என் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு’ என்று எழுதி வாங்கினால், ஒப்பந்தம் என்ற வகையில் அதற்கு மதிப்பில்லை.

அடுத்து, பெற்றோரின் கையெழுத்து. அதே சட்டத்தின் 23-வது பிரிவு, பொதுநலனுக்கு எதிரான நோக்கம் கொண்ட ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. பிறர் பிள்ளைகளைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, ‘நான் அலட்சியமாக இருந்தாலும் என்னைக் கேட்கக் கூடாது’ என்று முன்கூட்டியே எழுதி வாங்குவதை எதிர்த்து வாதாட இந்தப் பிரிவு உதவும்.

மூன்றாவது, குற்ற வழக்கு. அலட்சியத்தால் ஓர் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 106-வது பிரிவு பாயும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கு அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை. 2024, ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 5 ஆண்டு வரை உயர்ந்திருக்கிறது. இந்த வழக்கை நடத்துவது அரசு. இரண்டு தனி மனிதர்கள் தாளில் எழுதிக்கொண்டு இதைத் தடுத்துவிட முடியாது.

இவற்றோடு, பள்ளி நிர்வாகங்களின் பொறுப்பை வரையறுத்து மத்தியக் கல்வி அமைச்சகம் 2021-ல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி என எல்லாவற்றையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை அவை.

வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்காகக் கவலைப்படும் தாத்தா, பாட்டிகளுக்கு ஒரு தகவல். பிரிட்டனில் 1977-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நிறுவனத்தின் அலட்சியத்தால் நேரும் மரணம், காயத்துக்கு ‘பொறுப்பல்ல’ என்று எழுதி வாங்குவது செல்லாது என நேரடியாகவே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் ஒரு ஸ்கேட்டிங் பூங்கா வழக்கில், பெற்றோர் போட்ட கையெழுத்து பிள்ளையின் உரிமையைப் பறிக்காது என்று 2006-ல் தீர்ப்பு வந்தது. ஒஹையோவிலோ, லாப நோக்கமில்லாத ஒரு கால்பந்து கிளப் வாங்கிய கையெழுத்து செல்லும் என்று 1998-ல் தீர்ப்பானது. அங்கே இருப்பவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்படியானால் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. ‘இந்த இடத்துக்கு, இந்தத் தேதியில், இந்தக் காரியத்துக்காக உங்கள் பிள்ளையை அழைத்துப்போகிறோம் என்று பெற்றோரிடம் சொன்னோம்; அவர்கள் சம்மதித்தார்கள்’ என்பதற்கு அது ஆதாரம்.

இயல்பாகவே நேரக்கூடிய சின்னச் சின்ன விஷயங்களுக்கும் அது பொருந்தும். மலையேறப் போன இடத்தில் பிள்ளை கால் பிசகி விழுகிறான். கூட இருந்தவர்கள் உடனே முதலுதவி செய்து, மருத்துவரிடம் காட்டி, வீட்டுக்கும் தகவல் சொல்லிவிட்டார்கள். இதற்குப் பள்ளியின் மீது வழக்குப் போட்டாலும் ஜெயிப்பது கடினம். மலை ஏறினால் கால் பிசகலாம் என்று தெரிந்தேதான் அனுப்புகிறோம்.

அதே மலையில், பாதை தெரியாதவரை வழிகாட்டியாக வைத்து, இருட்டிய பிறகும் பிள்ளைகளை நடக்கவிட்டு, ஒருவன் பள்ளத்தில் விழுந்தால்? அது அலட்சியம். அந்த அலட்சியத்துக்கு எந்தப் பெற்றோரும் சம்மதம் கொடுக்கவில்லை. கையெழுத்து ஆபத்துக்குத்தான், அலட்சியத்துக்கு அல்ல.

பெற்றோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டூர் கெட்டுவிடுமோ என்று பிள்ளைக்கு இருக்கும் வலிப்பு, வீசிங், அலர்ஜி போன்றவற்றைப் படிவத்தில் மறைக்கும் வீடுகள் இருக்கின்றன. அவசர நேரத்தில் மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தகவல்தான். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு, ‘தெரியும்’ என்று டிக் போடுவதும் இதே கதைதான். நாளைக்கு வழக்கு என்று வந்தாலும், மறைத்தது பெற்றோருக்கு எதிராகத் திரும்பும்.

கோவையில் நடந்தது

ஆபத்து ஆற்றிலும் மலையிலும் மட்டும்தான் இருக்கிறது என்றில்லை. 2018, ஜூலை 12 அன்று கோவை அருகே ஒரு தனியார் கல்லூரியில் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி நடந்தது. இரண்டாவது மாடியிலிருந்து குதிக்க வேண்டும். கீழே மாணவர்கள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 19 வயது மாணவி ஒருவர் குதிக்கத் தயங்கினார். பயிற்சியாளர் அவரைத் தள்ளிவிட்டார். முதல் மாடியின் சன்ஷேடில் தலை மோதி, அந்தப் பெண் உயிரிழந்தார். அந்த வீடியோவைத் தமிழ்நாடே பதறிப்போய்ப் பார்த்தது.

பயிற்சியாளர் கைது செய்யப்பட்டார். அவர் தங்களால் அங்கீகரிக்கப்பட்டவர் அல்ல என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. உயிரைக் காப்பாற்றச் சொல்லிக்கொடுக்க வந்தவரின் தகுதியை யாரும் சரிபார்க்கவில்லை என்பது, ஓர் உயிர் போன பிறகுதான் தெரிந்தது.

மற்ற விபத்துகளிலும் இதே போன்ற காரணங்களைப் பார்க்கலாம். 2007-ல் கேரளாவின் தட்டேக்காட்டில் படகு கவிழ்ந்து 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2024, ஜனவரியில் குஜராத்தின் வதோதராவில் ஏரிப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அங்கே படகில் அளவுக்கு மீறிய கூட்டம். பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. 2022, அக்டோபரில் எர்ணாகுளம் பகுதியிலிருந்து ஊட்டிக்கு மாணவர்களை ஏற்றி வந்த சுற்றுலா பஸ், பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே நள்ளிரவு நேரத்தில் அரசு பஸ்ஸின் பின்னால் மோதியது. 5 மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசு பஸ்ஸில் வந்த 3 பயணிகள் என 9 பேர் பலியானார்கள். பஸ் அதிவேகத்தில் வந்தது விசாரணையில் தெரிந்தது.

அளவுக்கு மீறிய கூட்டம், இல்லாத லைஃப் ஜாக்கெட், ராத்திரிப் பயணம், தகுதியற்ற பயிற்சியாளர். இவற்றில் ஒன்றுகூட, கிளம்பும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத ரகசியம் இல்லை.

இறந்தவர்களின் பட்டியலில் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் முதலில் வழக்கில் மாட்டுகிறவர்களும் அவர்கள்தான். அதனால், பெற்றோர் கேட்கும் கேள்வி ஆசிரியருக்கு எதிரானது அல்ல. நிர்வாகத்திடம் ஆசிரியர் கேட்கத் தயங்கும் கேள்வியையும் அது சேர்த்தே கேட்கிறது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள்? மாணவிகள் வந்தால் ஆசிரியைகள் எத்தனை பேர்?

2. பஸ் யாருடையது? ஃபிட்னஸ் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், பெர்மிட் நடப்பில் இருக்கின்றனவா? நீண்ட தூரம் என்றால் இரண்டாவது டிரைவர் உண்டா?

3. இரவில் பயணம் இருக்கிறதா? இருந்தால் அதைத் தவிர்க்க முடியாதா?

4. ஆறு, அருவி, கடல், படகு, நீச்சல்குளம் இவற்றில் எது திட்டத்தில் இருக்கிறது? தண்ணீரில் இறங்க அனுமதி உண்டா? லைஃப் ஜாக்கெட் ஒவ்வொருவருக்கும் கிடைக்குமா?

5. சாகச விளையாட்டு என்றால் நடத்துவது யார்? பயிற்சியாளருக்குத் தகுதிச் சான்று கொடுத்தது எந்த அமைப்பு? அதைப் பள்ளி நேரடியாகச் சரிபார்த்ததா?

6. முதலுதவி தெரிந்தவர் யார் வருகிறார்? பக்கத்தில் இருக்கும் மருத்துவமனை எது?

7. மாணவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா? அதன் நகல் கிடைக்குமா?

8. பயப்படும் பிள்ளை ‘நான் செய்யல’ என்று ஒதுங்கிக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியலாம். கோவை மாணவிக்கு அந்த உரிமை கிடைத்திருந்தால் அவர் அன்று மாலை வீட்டுக்குப் போயிருப்பார். ‘பயமா இருந்தா வேணாம்னு சொல்லு. டீச்சர் திட்டினாலும் பரவாயில்ல, நான் பார்த்துக்கறேன்’ என்று பிள்ளையிடம் கிளம்பும் முன் ஒருமுறை சொல்லி அனுப்புங்கள்.

கையெழுத்து எப்படிப் போடலாம்?

தனி ஆளாகக் கேட்டால், ‘பிரச்னை பண்ற பேரன்ட்’ என்று பெயர் வந்துவிடுமோ என்ற தயக்கம் இருக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கையாகிவிடும். பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமும் கேட்கலாம்.

‘பொறுப்பல்ல’ என்ற வரி உறுத்தினால், கையெழுத்துக்கு மேலேயே, ‘சுற்றுலாவுக்குச் சம்மதிக்கிறேன். அலட்சியத்தால் நேரும் பாதிப்புக்கான பொறுப்பிலிருந்து யாரையும் விடுவிக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதலாம். அதோடு, படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். டூர் பற்றிப் பள்ளி அனுப்பும் மெசேஜ்களையும் அழிக்க வேண்டாம்.

நல்ல பள்ளிகளுக்கு இந்தக் கேள்விகள் தொந்தரவு இல்லை. பயணத் திட்டம், பொறுப்பாசிரியரின் எண், தங்கும் இடம், காப்பீட்டு விவரம், பிள்ளையின் உடல்நலத் தகவலுக்கான கட்டங்கள் எல்லாம் அவர்களின் படிவத்திலேயே இருக்கும்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால்...

‘நீங்கதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களே’ என்று யாராவது தாளை நீட்டினால், அதோடு ஒதுங்கிவிட வேண்டாம். பெரிய காயம் என்றால் மருத்துவமனையில் விபத்தாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். சமாதானம் பேச வருபவர்கள் தரும் தாளில், வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்கவும் வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். குழந்தைகள் தொடர்பான அவசர உதவிக்கு 1098. பள்ளிகள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வருமா என்பதில் வழக்குகள் ஓடிக்கொண்டிருப்பதால், எங்கே வழக்குத் தொடுப்பது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘எதுக்கு வம்பு, டூரே வேண்டாம்’ என்று முடிவெடுத்துவிடாதீர்கள். முதன்முதலாகக் கடலைப் பார்த்தது, பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டே போனது, அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைப் பத்துப் பேர் பங்குபோட்டுச் சாப்பிட்டது... இந்த ஞாபகங்கள் நமக்கு இருக்கின்றன. பிள்ளைகளுக்கும் வேண்டும்.

அடுத்த முறை டைரிக்குள்ளிருந்து அந்தத் தாள் வந்தால், பேனாவை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பொறுப்பாசிரியருக்கு ஒரு போன் போட்டு, “சார், படகுல போற பிளான் இருக்கா? எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்குமா?” என்று கேளுங்கள்.

பதில் திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு, பிள்ளையைச் சந்தோஷமாக வழியனுப்புங்கள்!